கரும்பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்துங்கள், டீச்சர்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக இது எனக்கு முதல் வருடம். அறிவியல் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான். 34 பிள்ளைகள். பள்ளி திறந்து ஆறு வாரம் ஆகிறது. வகுப்புக்குள் நுழைந்தால் சந்தைக்கடை. ‘சத்தம் போடாதீங்க’ என்று நான் போடும் சத்தம்தான் பள்ளியிலேயே பெரிய சத்தம். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் பேசவே முடிவதில்லை. பேனாவை எடுத்துட்டான், ஒன்னுக்குப் போகணும், தண்ணி குடிக்கணும் என்று பாடத்துக்கு நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து நிற்கிறார்கள். கிளாஸ் லீடரை வைத்துப் பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். அதை வைத்தே தினம் ஒரு சண்டை. ஒரு பையன் மட்டும் இடத்தில் உட்காரவே மாட்டான். பதினொரு மணிக்கு மேல் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவது, பையை எட்டி உதைப்பது என்று அவனைச் சமாளிக்கவே முடியவில்லை. ஹெச்.எம். நல்ல மனிதர். ‘அடிக்க வேண்டாம்மா, பிரம்பு மேஜை மேல இருந்தாலே போதும்’ என்கிறார். பி.எட்.டில் படித்தது எதுவும் இங்கே கைகொடுக்கவில்லை. இந்த வேலை எனக்குச் சரிப்படாதோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை)

பதில்:

பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். 33 வருடம் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் ஸ்டாண்டில் மீசை நரைத்தவர்கள் யாராவது ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

வேலை உங்களுக்குச் சரிப்படும். முதல் வருடம் ஆறாவது வாரத்தில் தொண்டை கட்டாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் ஒன்று கண்ணில் பட்டது: நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் ஒன்றுகூடப் பாடம் புரியாததாலோ பிடிக்காததாலோ வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பேனா, ஒன்னுக்கு, தண்ணீர், பெயர் எழுதுவது. எல்லாமே பாடத்தின் ஓரத்தில் நடப்பவை.

அதனால் முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். மூன்று நாளைக்கு, ஒரு துண்டுத் தாளைப் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, எப்போதெல்லாம் சத்தம் ஏறுகிறதோ அப்போது மணியைக் குறியுங்கள். பக்கத்தில் ‘என்ன நடந்துகொண்டிருந்தது’ என்று இரண்டே வார்த்தை. யார் செய்தார்கள் என்று எழுத வேண்டாம். நான் ஒருமுறை ஏழாம் வகுப்பில் இப்படிக் குறித்துப் பார்த்து அசந்துபோனேன். பெல் அடித்து நான் வந்து சேரும் வரை. ஹோம்வொர்க் நோட்டு வாங்கும்போது. கரும்பலகையில் எழுதிப்போட்டதை நாலு பேர் எழுதி முடித்துவிட, மற்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போது. சத்துணவு முடிந்து வந்ததும். நான் வாய் திறந்து பாடம் நடத்திய நேரத்தில் ஒரே ஒரு குறிதான் விழுந்திருந்தது. பிள்ளைகள் என் பாடத்தை மதிக்கவில்லை என்று அதுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத இடத்தில்தான் அவர்கள் பேசியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் நாமும் அதைத்தான் செய்கிறோம்.

ஜேக்கப் கூனின் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பல வருடம் ஆராய்ந்தவர். 1970இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு பிள்ளை தப்புச் செய்த பிறகு ஆசிரியர் அதட்டினாரா, கெஞ்சினாரா, முறைத்தாரா என்பதால் பெரிய வித்தியாசம் ஏதும் வரவில்லை என்று கண்டார். வித்தியாசம் இருந்தது அதற்கு முந்தைய கட்டத்தில்தான்: எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதிலும், ஒரு வேலையை முடித்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தொய்வில்லாமல் நகர்த்துவதிலும். ‘டீச்சருக்கு முதுகுலயும் கண்ணு’ என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்தச் சமாச்சாரம்தான்.

ஆறாம் வகுப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போன ஏப்ரல் வரை இந்தப் பிள்ளைகளுக்கு அநேகமாக நாள் முழுக்க ஒரே டீச்சர். பாயில் வட்டமாக உட்கார்ந்து, எழுந்து நடந்து, குழுவில் பேசிப் படித்தவர்கள். செயல்வழிக் கற்றல் வந்த நாளிலிருந்து நம் தொடக்க வகுப்புகளில் எழுந்து நடப்பதும் பேசுவதும் தப்பில்லை. சொல்லப்போனால் அதுதான் பாடமே. ஜூன் மாதம் திடீரென்று பெஞ்ச், பெல், பீரியட், பாடத்துக்கு ஒரு ஆசிரியர். பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடமே புதுசு. ஒரு ஆசிரியர் போய் இன்னொருவர் வருவதற்குள் உள்ள அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘இது கூடவா சொல்லணும், ஆறாம் வகுப்பு வந்தாச்சு’ என்று நாம் நினைக்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஒளிச்சேர்க்கையைச் சொல்லிக்கொடுக்காமல் பரீட்சையில் கேட்போமா?

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். சார்ட் பேப்பரில் ‘வகுப்பறை விதிகள்’ என்று பன்னிரண்டு வரி எழுதி ஒட்டும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அது சுவரின் நிறத்தோடு கலந்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரே ஒரு வேலையை எடுங்கள். நான் நோட்டு வாங்குவதைச் சொல்வேன்.

இப்போது எப்படி நடக்கும் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். ‘ஹோம்வொர்க் நோட்டு எல்லாரும் வைங்க’ என்பீர்கள். 34 பேரும் ஒன்றாக எழுவார்கள். மேஜையைச் சுற்றிக் கூட்டம். தன் நோட்டு மேலே இருக்க வேண்டும் என்று ஒருவன் கடைசி வரை காத்திருப்பான். எழுதாதவன் அடியில் சொருகுவான். அடுக்கு சரியும். ‘டீச்சர், என் நோட்டை மிதிச்சுட்டா’ என்று ஒரு குரல். அப்புறம் நீங்கள் ஒவ்வொரு நோட்டிலும் பக்கத்தைத் தேடித் திருப்ப வேண்டும்.

நான் செய்தது இது. ஒரு திங்கட்கிழமை பாதி பீரியட் இதற்கே ஒதுக்கினேன். முதலில் நானே ஒரு மாணவனாக நடித்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் பெஞ்சிலிருந்து ஓடிவந்து, இரண்டு பேரை இடித்து, நோட்டை மேஜையில் வீசினேன். வகுப்பு சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது. ‘இதுல என்னடா தப்பு?’ என்று கேட்டேன். அவர்களே ஒன்றொன்றாகச் சொன்னார்கள். பிறகு சரியான முறை: எழுதிய பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். சுவர் ஓரம் இருப்பவர் தன் நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் தருவார். அவர் தன்னுடையதை அதன் மேல் வைத்து அடுத்தவருக்கு. நடைபாதை ஓரம் இருப்பவர் மொத்தத்தையும் முன் பெஞ்சுக்கு நகர்த்துவார். முன் பெஞ்சிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்து மேஜைக்கு வருவார். எழுதாதவர் நோட்டும் அதே அடுக்கில் வரும், ஆனால் மூடியபடி. அதை நான் அங்கேயே விசாரிப்பதில்லை, சாப்பாட்டு மணியில்தான்.

ஒரு வரிசையை மட்டும் செய்ய வைத்து மற்றவர்களைப் பார்க்கச் சொன்னேன். பிறகு எல்லா வரிசையும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கரும்பலகை ஓரத்தில் எழுதினேன். முதல் தடவை இரண்டரை நிமிடம். உடனே நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி. மூன்றாவது தடவை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. போட்டி என்று வந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்! வியாழக்கிழமை வழக்கம்போலச் சொதப்பினார்கள். திட்டவில்லை. ‘திங்கட்கிழமை எப்படிச் செஞ்சோம்? திருப்பிக் கொடுக்கறேன், இன்னொரு தடவை வாங்கலாம்’ என்றேன். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் நான் வாயே திறக்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் நோட்டு வந்தது.

பாடம் முடிக்க வேண்டுமே, இதற்கு நேரம் ஏது என்று தோன்றும். ஒரு கணக்கு போடுங்கள். நோட்டு வாங்குவதில் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போகிறது என்று வையுங்கள். ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் வேலைநாள் 220. பெருக்கினால் 1,100 நிமிடம். நாற்பது நிமிட பீரியடாகப் பார்த்தால் 27 பீரியட். பாதி பீரியடைச் செலவழித்து 27 பீரியடை மீட்பதில் கணக்கு டீச்சர்கூடக் குறை சொல்ல மாட்டார்.

நோட்டு வாங்குவது படிந்த பிறகு அடுத்ததை எடுங்கள். பெல்லுக்கும் உங்கள் வருகைக்கும் நடுவில் உள்ள நேரம். அதற்கு ஒரே வழி, கரும்பலகையில் இடது ஓரத்தில் ஒரு சின்ன வேலை எப்போதும் காத்திருக்க வேண்டும்: போன பாடத்திலிருந்து ஒரு படம் வரைந்து பாகம் குறிப்பது, இரண்டு கேள்வி. முந்தைய பீரியட் ஆசிரியரிடம் சொல்லி அந்த ஓரத்தை மட்டும் அழிக்காமல் விடச் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதி முடிப்பவர்களுக்கும் அதே மாதிரி ஒரு தொடர்வேலை இருக்கட்டும். நூலகப் புத்தகம் நாலைந்து ஜன்னல் திட்டில் கிடந்தால்கூடப் போதும்.

சத்தத்தை நிறுத்துவதற்கு ஒரு அடையாளம் வேண்டும், அது உங்கள் தொண்டையாக இருக்கக் கூடாது. சிலர் கைதட்டல் தாளம் வைத்துக்கொள்கிறார்கள். டீச்சர் தட்டினால் வகுப்பு திருப்பித் தட்டும். ஆறாம் வகுப்புக்கு அது நன்றாகவே போகும். நான் கையை உயர்த்திக்கொண்டு கரும்பலகையின் வலது ஓரத்தில் போய் நிற்பேன். அந்த இடத்தில் வேறு எதற்கும் நிற்க மாட்டேன். பார்த்தவர்கள் கையை உயர்த்துவார்கள், பார்க்காதவனை அவர்களே இடித்துச் சொல்வார்கள். இதில் ஒரே ஒரு நிபந்தனைதான், கஷ்டமானதும் அதுதான்: கடைசிப் பிள்ளை அமைதியாகும் வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் நாள் நின்றுகொண்டே இருப்பீர்கள், யுகமாகத் தெரியும். நடுவில் பொறுக்காமல் ‘ஏய்!’ என்று ஒரு தடவை கத்திவிட்டால், கையைத் தூக்கினால் ஒன்றும் இல்லை, கத்தினால்தான் நிஜம் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். சத்தத்தின் மேல் ஏறிப் பேசும் டீச்சருக்கு வகுப்பு தன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்.

இன்னொரு சத்தம் நாமே உண்டாக்குவது. ‘புரிஞ்சுதா?’ ‘புரிஞ்சுது டீச்ச்ச்சர்!’ இதைத் தினம் நாற்பது தடவை செய்கிறோம். கேள்வி கேட்ட நொடியில் ‘நானு நானு’ என்று முன் பெஞ்ச் எழுந்து நின்றுவிடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கவனித்துச் சொன்னார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான், அதை மூன்று நொடியாக்கினாலே பதில் நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுங்கள், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதலில் பெயரைச் சொன்னால் மற்ற 33 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது அந்தப் பெயர்ப் பலகைக்கு வருகிறேன். நாம் எல்லோரும் அதில் மாட்டியவர்கள்தான். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் ‘மிக அதிகம்’. நான் ஒரு வருடம் கெட்டிக்காரப் பெண் ஒருத்தியை லீடராகப் போட்டிருந்தேன். டிசம்பரில்தான் தெரிந்தது, கமர்கட் கொடுத்தால் பெயர் அழிந்துவிடும், கொடுக்காவிட்டால் பேசாதவன் பெயரும் ஏறும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையிடம் 33 பேரின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நான் ஸ்டாஃப் ரூமில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நம் ஊரில் பழைய வேர் உண்டு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்றவர்களை மேய்ப்பது மட்டும் அவர் வேலை இல்லை; தனக்குத் தெரிந்ததை இளையவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பிள்ளையை வைத்தே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் பள்ளியில் செய்து பார்த்து, 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. சொல்லிக்கொடுக்கும் பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் பாதியை நாம் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் பலகையை அழித்துவிடுங்கள். லீடர் இருக்கட்டும், ஆனால் வாரம் ஒருவராக, வருகைப் பதிவு வரிசைப்படி, எல்லோருக்கும் முறை வரட்டும். அவரோடு இன்னும் ஐந்தாறு பேருக்கு வேலை: கரும்பலகை மூலையில் பதிவு 34, வருகை 31 என்று எழுதுபவர், நோட்டு கொடுப்பவர், டஸ்டர் தட்டுபவர், ஜன்னல் திறந்து மூடுபவர், தண்ணீர் குடத்தைப் பார்ப்பவர். உட்காராத உங்கள் பையனுக்கு டஸ்டரைக் கொடுத்துப் பாருங்கள். எழுந்து நடக்க நியாயமான காரணம் கிடைத்தால் பாதித் தொல்லை குறையும்.

இதில் ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பெண் பிள்ளைகள் கூட்டுவது, பையன்கள் பெஞ்ச் தூக்குவது என்று பிரிக்காதீர்கள். கழிப்பறையைச் சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையையும் எந்தக் காரணத்துக்கும் அனுப்பாதீர்கள். நம் பள்ளிகளில் அந்த வேலை யார் வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உட்காரும் இடமும் அப்படித்தான். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் தெருவாரியாக உட்காருவார்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. நீங்கள் அதையே பிடித்துக்கொள்ளலாம். கண், காது குறை உள்ளவர்களை மட்டும் முன்னால் கொண்டு வாருங்கள். பெற்றோர் யாராவது வந்து கேட்டால் ‘பெயர் வரிசைங்க’ என்று ஒரே பதில்.

ஒன்னுக்குப் போகும் விஷயம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. என் சர்வீஸில் நான் வெட்கப்படும் நாள் இதைப் பற்றியது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மூன்றாவது பீரியடில் எழுந்து கேட்டாள். அதற்கு முன் ஐந்து பேர் கேட்டுவிட்டிருந்தார்கள். ‘இன்டர்வெல்ல என்ன பண்ணிட்டிருந்த? உக்காரு’ என்றேன். உட்கார்ந்தாள். அடுத்த ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில், ‘அன்னிக்குத்தான் டீச்சர் பெரிய மனுஷி ஆனா’ என்றார். நான் ஒரு பெண். எனக்கும் பன்னிரண்டு வயது இருந்திருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் ஆறாவது ஆளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் யாரும் கேட்க வேண்டியதில்லை. கதவு பக்கத்து ஆணியில் கயிறு கட்டிய இரண்டு மரத்துண்டு தொங்கும், பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. துண்டு ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் அது வரும் வரை காத்திருக்க வேண்டும். நிஜமாகவே அவசரம் என்றால் என்னைப் பார்த்து ஒரு விரல் காட்டினால் போதும், கேள்வி கிடையாது. பெண் பிள்ளைகள் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாம். முதல் வாரம் துண்டு ஆணியில் நிற்கவே இல்லை. எல்லோருக்கும் அந்த மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆசை. இரண்டாவது வாரம் ஆசை தீர்ந்துவிட்டது.

பேனா திருட்டுக்கு வைத்தியம் சுலபம். மேஜையில் ஒரு டப்பாவில் பத்து பென்சில். எடுத்தவர் பீரியட் முடிந்ததும் வைக்க வேண்டும். யார் யாருடையதை எடுத்தார்கள் என்ற வழக்கை மட்டும் பாட நேரத்தில் விசாரிக்காதீர்கள்.

பிரம்பைப் பற்றி. கல்வி உரிமைச் சட்டம், 2009, பதினேழாம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. மேஜை மேல் சும்மா கிடக்கும் பிரம்பு எதற்கு, பயமுறுத்தத்தானே? முட்டி போட வைப்பது, வெளியே நிற்க வைப்பது எதுவும் வேண்டாம். சட்டத்தை விடுங்கள், வேலைக்கு ஆகுமா என்று மட்டும் பாருங்கள்: பிரம்புக்குப் பயந்த வகுப்பு, பிரம்பு ஸ்டாஃப் ரூமுக்குப் போன மறு நிமிடம் என்ன செய்யும் என்று நாம் எல்லோரும் மாணவர்களாக இருந்து பார்த்தவர்கள். ஹெச்.எம்.மிடம் வாதம் செய்யாதீர்கள். ‘ரெண்டு வாரம் என் வழியில பார்க்கறேன் சார், நீங்களே வந்து பாருங்க’ என்று கேளுங்கள். வந்து பார்க்கும் நாளில் நோட்டு வாங்கிக் காட்டுங்கள்.

உட்காராத அந்தப் பையன். பதினொரு மணிக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது. அவன் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் மதுரையில் தொடங்கி, 2023இல் மாநிலம் முழுக்க உள்ள அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென்றுதான் வந்தது. போன வருடம் வரை எட்டரை மணிக்கே வந்து கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டவன், ஆறாம் வகுப்புக்கு ஏறியதும் என்ன செய்கிறான்? வீட்டில் எல்லோரும் விடியலிலேயே வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், அவனுக்கு அன்றைய முதல் சாப்பாடு மதியச் சத்துணவாக இருக்கலாம். கேட்கும் விதம் முக்கியம். வகுப்பு நடுவில் ‘சாப்ட்டியா?’ என்று கேட்டால் ‘சாப்ட்டேன்’ என்றுதான் சொல்வான். தனியாக, டஸ்டர் தட்டும்போது, ‘காலைல என்ன கொழம்புடா?’ என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் புரிந்துகொள்ளலாம். அப்புறம் இன்டர்வெல்லில் இரண்டு பிஸ்கெட், ஒரு வாழைப்பழம், இதெல்லாம் நம் டீச்சர்கள் யாருக்கும் தெரியாமல் காலம் காலமாகச் செய்வதுதான். ஹெச்.எம்.மிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பசி இல்லை என்றால் அடுத்துக் கண், காது, தூக்கம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். எங்கும், எந்த பீரியடிலும், விளையாட்டில்கூட அவனால் ஒரு நிலையில் இருக்க முடியவில்லை என்று தெரிந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு வியாதிப் பெயரை வைத்துவிடாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு பிள்ளைக்கு ஒட்டிய பெயர் எட்டாம் வகுப்பு டி.சி. வாங்கும் வரை கூடவே போகும். தினம் அவன் சரியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஐந்து நிமிடமாவது இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நோட்டைப் பார்த்து ‘இந்தப் படம் நல்லா வந்திருக்கு’ என்று காதோடு சொல்லிவிட்டு நகருங்கள். உரக்கப் பாராட்ட வேண்டாம், அந்த வயதில் அது கேலிக்கு வழி.

மற்ற பீரியடில் இதே பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள், ‘உங்க கிளாஸ் ரொம்ப மோசம் டீச்சர்’ என்று யாராவது வந்து சொல்வார்கள். காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தமிழ் எடுப்பவரோ கணக்கு எடுப்பவரோ ஒருவர் உங்களோடு சேர்ந்து அதே கை அடையாளத்தைப் பயன்படுத்தினால் பெரிய உபகாரம். மொத்த ஸ்டாஃபையும் மாற்றுவது உங்கள் முதல் வருட வேலை இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் பாதியை மறந்திருப்பார்கள். மறுபடி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிக் காட்டுங்கள். இந்தத் தடவை அதை ஒரு பிள்ளையே நடித்துக் காட்டட்டும்.

கடைசியாகத் தொண்டை. பாட்டில் தண்ணீர் மேஜை மேல் இருக்கட்டும், ஒவ்வொரு பீரியடிலும் இரண்டு மடக்கு. தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசிச் சமாளிக்காதீர்கள். அதுவும் குரல்நாணுக்கு வேலைதான், அன்று எழுத்துவேலை கொடுத்துவிடுங்கள். சுக்குக் கஷாயமெல்லாம் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நான் காலாண்டு லீவில் பார்க்கலாம், அரையாண்டு லீவில் பார்க்கலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இப்போதும் போனில் பேசினால், ஜலதோஷமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.